ராமகுப்பத்து யானைக்கு ஊர் எது?

வந்ததா, திரும்பியதா?

ஆந்திராவின் ராமகுப்பத்தைச் சுற்றியுள்ள காடுகளுக்கு யானை எப்போது வந்தது? இந்தக் கேள்விக்கு விடை எளிதாகவே கிடைக்கும். இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களின் இளமைக்காலத்தில் இங்கே யானை இல்லை. 1980களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து கிளம்பிய யானைக் கூட்டங்கள் மாநில எல்லையைக் கடந்து குப்பம், பலமநேர் பகுதிக் காடுகளில் தங்கின. பழைய இடத்தில் ஏற்பட்ட வறட்சியும், காடு துண்டு துண்டானதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதற்கு முன் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் இங்கே யானைகள் நிலையாக வாழவில்லை. வந்தவை தங்கிவிட்டதால் 1990இல் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. அதன் பரப்பு சுமார் 357 சதுர கிலோமீட்டர். ராமகுப்பம் மண்டலத்து நணியாலாவில், காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய கும்கி யானைகளுக்கென்று வனத்துறை ஒரு முகாமே வைத்திருக்கிறது. காட்டோரத்தில் வாழையோ கரும்போ நெல்லோ வைத்தவர்கள் அறுவடைக் காலத்தில் கண் மூடித் தூங்க முடிவதில்லை.

இந்த நிலையில் ஒரு விவசாயி கேட்கும் கேள்வி நியாயமானது. நேற்று வரை இல்லாத விலங்கு இன்று வந்து நிற்கிறது என்றால் அது இந்த மண்ணுக்கு அந்நியமானதுதானே? அதைப் பிடித்து, வந்த இடத்துக்கே அனுப்பிவிட்டால் என்ன? மனித நினைவை மட்டும் வைத்துப் பார்த்தால் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மனித நினைவு அறுபது எழுபது ஆண்டுதான் நீளும். அரசு ஆவணங்கள் இருநூறு முந்நூறு ஆண்டு. ஒரு விலங்கினம் ஒரு நிலத்தோடு கொண்ட உறவை அளக்க இந்த அளவுகோல்கள் மிகவும் குட்டை. அதைவிட நீண்ட பதிவு ஒன்று உண்டு. அது எலும்பு. தென்னிந்தியாவின் எலும்புகளை ஒன்றரை நூற்றாண்டாகச் சேகரித்து, ஒப்பிட்டு, வயது கணித்து வந்த ஆய்வுகளிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது: நம் விலங்குகள் ஒரே இடத்தில் நிலைத்து நின்று பிழைத்தவை அல்ல, இடம் மாறி மாறிப் பிழைத்தவை. அந்த முடிவுக்கு ஆய்வாளர்கள் எப்படி வந்தார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இந்த அத்தியாயம்.

காட்டில் ஏன் எலும்பு கிடப்பதில்லை?

முதலில் ஒரு சிறு புதிர். ஒரு காட்டில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான மான்களும் பன்றிகளும் முயல்களும் சாகின்றன. ஆயிரம் ஆண்டுகளில் இலட்சக்கணக்கான எலும்புக்கூடுகள் குவிந்திருக்க வேண்டும். ஆனால் காட்டுக்குள் நடப்பவர் கண்ணில் எப்போதாவது ஒரு தாடையோ கொம்போதான் படுகிறது. மற்றவை எங்கே போயின?

இறந்த விலங்கு மண்ணுக்குள் சேரும் வரையிலும், சேர்ந்த பிறகும் அதற்கு என்ன நேர்கிறது என்று ஆராய்வதற்கு ஒரு துறையே இருக்கிறது. ரஷ்ய அறிஞர் இவான் எஃப்ரெமோவ் 1940இல் அதற்கு டாஃபானமி என்று பெயரிட்டார். தமிழில் புதைவியல் எனலாம். கென்யாவின் அம்போசெலி சமவெளியில் கே பெரென்ஸ்மேயர் என்ற ஆய்வாளர் வெட்டவெளியில் கிடந்த எலும்புகளைக் கவனித்து, 1978இல் ஓர் அளவுமுறையை வெளியிட்டார். புத்தம் புதிய எலும்பு பூஜ்ய நிலை. பிறகு விரிசல், செதில் செதிலாக உரிதல், நார் நாராகப் பிளத்தல் என்று போய், ஐந்தாம் நிலையில் தொட்டால் நொறுங்கும். பெரிய விலங்குகளின் எலும்புகூட பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலும் இந்தக் கடைசி நிலையை எட்டிவிடுகிறது. இதற்கிடையில் கழுதைப்புலி எலும்பைக் கடித்து விழுங்கும். முள்ளம்பன்றி சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறிக்கும். ஆக, எலும்பு கிடைக்காமல் போவதே இயல்பு. கிடைப்பதுதான் விலக்கு. எனவே ஓரிடத்தில் ஒரு விலங்கின் எலும்பு கிடைக்கவில்லை என்பதை வைத்து அந்த விலங்கு அங்கே வாழவில்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பாடம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

கருங்கல் அழிக்கும், சுண்ணாம்பு காக்கும்

புதைந்த எலும்பும் தப்பிவிடுவதில்லை. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம், பாஸ்பரஸ் சேர்ந்த கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். புரதத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கனிமத்தை அமிலம் கரைக்கும். கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்தால் அது ரப்பரைப் போல வளைவது இதனால்தான். புளிப்பேறிய மண்ணில் மழைநீர் இறங்கும்போது இதே வேலை மெதுவாக நடக்கிறது.

ராமகுப்பம், குப்பம் பகுதியின் அடித்தளம் கருங்கல்லும் அதன் உறவுப் பாறைகளும். குப்பம் கிரானைட் என்று வெளிநாடுகளுக்குப் போவது இந்தப் பாறைதான். இவை இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளை ஒட்டிய பழமை கொண்டவை. பூமியில் எலும்புள்ள உயிரினம் தோன்றியதோ சுமார் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே இங்குள்ள குவாரிகளில் எத்தனை ஆழம் வெட்டினாலும் பாறைக்குள் எலும்பு கிடைக்காது. இந்தப் பாறை தேய்ந்து உண்டாகும் மண்ணும் எலும்பைக் காப்பாற்றும் இயல்புடையதல்ல. திருப்பதிக்கு அருகே ரேணிகுண்டாவில் எம்.எல்.கே. மூர்த்தி 1960களில் பழங்கற்காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த நேர்த்தியான கல் அலகுகளைக் கண்டறிந்தார். வேட்டையாடிய மனிதர் இந்தப் பகுதியில் இருந்தார்கள் என்பதற்கு அது உறுதியான சான்று. கல் தாங்கும், எலும்பு தாங்காது. அவர்கள் எந்த விலங்குகளை வேட்டையாடினார்கள் என்று அறிய வேண்டுமானால், மண் வேறு குணம் கொண்ட இடத்துக்குத்தான் போயாக வேண்டும்.

அந்த இடம் ராமகுப்பத்துக்கு வடக்கே, நேர்க்கோட்டில் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. பழைய கர்நூல் மாவட்டத்தின் (இன்று நந்தியால் மாவட்டம்) பேதம்செர்லா அருகே சுண்ணாம்புப் பாறைகளை நீர் அரித்து உண்டாக்கிய குகைகள் பல உள்ளன. பாறை மிகப் பழையது. அதில் எலும்பு இல்லை. குகைகளை அடி அடியாக நிரப்பிய செம்மண்ணில்தான் எலும்பு இருக்கிறது. சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிடுவதால் அந்த மண்ணில் எலும்பு கரையவில்லை. வெயிலும் மழையும் நேரடியாகத் தாக்காததால் வெடிக்கவும் இல்லை.

பில்லசுர்க்கம்: ஒன்றரை நூற்றாண்டு அகழாய்வு

இந்தக் குகைகளில் முதன்மையானது பில்லசுர்க்கம். நியூபோல்ட் என்ற ராணுவ அதிகாரி 1844இலேயே இங்கு எலும்புகள் இருப்பதை எழுதியிருக்கிறார். தென்னிந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய மகன் ஹென்றியும் 1880களின் நடுப்பகுதியில் முறையாகத் தோண்டினார்கள். அவர்கள் சேர்த்த எலும்புகளை ஆராய்ந்து ரிச்சர்ட் லைடெக்கர் 1886இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் புலி, கரடி, நீல்காய் போன்ற தெரிந்த விலங்குகளோடு, தென்னாட்டில் எவரும் எதிர்பாராத காண்டாமிருகமும், ஆப்பிரிக்காவில் மட்டும் இன்று வாழும் புள்ளிக் கழுதைப்புலியும், பபூன் வகைக் குரங்கும் இருந்தன.

ஃபூட் காலத்துத் தோண்டலுக்கு ஒரு குறை உண்டு. எந்த எலும்பு எந்த அடுக்கில் கிடைத்தது, அந்த அடுக்கின் வயது என்ன என்று கணக்கிடும் வழி அன்று இல்லை. அடுத்தடுத்த தலைமுறைகள் அந்தக் குறையைத் தீர்க்க முயன்றன. மூர்த்தி 1970களில் முச்சட்ல சிந்தமானு கவி என்ற பக்கத்துக் குகையில் தோண்டி, சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்பைக் கண்டறிந்தார். அதாவது அந்தக் குகையை மனிதரும் பயன்படுத்தினார்கள். பிறகு இந்தியாவிலும் வெளிநாட்டிலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து பில்லசுர்க்கத்தை அடுக்கு அடுக்காக மீண்டும் தோண்டினார்கள். பாட்ரிக் ராபர்ட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 2014இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரைதான் நம் கேள்விக்கு நேரடியாகப் பயன்படுகிறது. அதன் முடிவைப் பார்ப்பதற்கு முன், அப்படி ஒரு முடிவு எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் நம்பிக்கையாக நின்றுவிடும்.

ஒரு பல்லை எடுத்துக்கொள்வோம்

குகை மண்ணைச் சலிக்கும்போது கட்டைவிரல் அளவில் ஒரு கடைவாய்ப்பல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல்லை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதன் மேற்பூச்சான எனாமலில் 95 சதவீதத்துக்கு மேல் கனிமம். உடலிலேயே கெட்டியான பொருள் அதுதான். எலும்பு நொறுங்கிப்போன இடத்திலும் பல் மிஞ்சும். விலங்கினத்துக்கு விலங்கினம் அதன் வடிவமும் மாறும்.

முதல் கேள்வி: யாருடைய பல்? மெல்லும் பரப்பில் பிறை வடிவ மேடுகள் இருந்தால், இது அசைபோடும் விலங்கு. பன்றியின் பல்லில் குமிழ் குமிழான மேடுகள் இருக்கும். குதிரையின் பல்லில் எனாமல் சிக்கலாக மடிந்திருக்கும். அசைபோடுவனவற்றில் மான் குடும்பமா, மாட்டுக் குடும்பமா என்பது அடுத்தது. புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் பல் முடி பொதுவாகக் குட்டை. மாடு, வெளிமான் போன்றவற்றின் பல் முடி உயரமானது; புழுதி படிந்த புல்லை ஆயுள் முழுதும் மென்றாலும் தேய்ந்து தீராதபடி அமைந்தது. நீல்காய் இவ்விரண்டுக்கும் நடுவே வரும். நம் பல் நடுத்தர உயரம். மாட்டின் பல்லைவிடச் சிறிது, கடமானுடையதைவிட உயரம். நீல்காயாக இருக்கலாம். இருக்கலாம் என்பதை உறுதியாக்க ஒரே வழிதான் உண்டு: நீல்காய் என்று ஐயமின்றித் தெரிந்த எலும்புக்கூட்டின் பல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எத்தனை விலங்குகள்? ஒரே விலங்கின் பற்கள் பல இடங்களில் சிதறியிருக்கலாம். ஆகவே உடலில் ஒன்றே ஒன்று இருக்கக்கூடிய உறுப்பை எண்ணுகிறார்கள். இடது கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல் மூன்று கிடைத்தால், குறைந்தது மூன்று விலங்குகள். இதைக் குறைந்தபட்சத் தலைக்கணக்கு எனலாம். மூன்றாம் கேள்வி: எத்தனை வயது? பால்பல்லா நிலைப்பல்லா என்பதும், தேய்மானத்தின் அளவும் அதைச் சொல்லும். நான்காம் கேள்வி: என்ன தின்றது? எனாமலில் உள்ள கார்பனில் எடை குறைந்த வகையும் கூடிய வகையும் உண்டு. மரம், புதரின் இலைகளைவிட வெப்பமண்டலப் புற்களில் கூடிய வகை அதிகம். கரும்பும் கேழ்வரகும் இந்தப் புல் இனத்தைச் சேர்ந்தவை. தின்ற விலங்கின் பல்லிலும் அதே விகிதம் பதிந்துவிடுகிறது. பல்லிலிருந்து சிறிது எனாமலை எடுத்துச் சோதித்தால், அந்த விலங்கு வாழ்ந்த இடம் புல்வெளியா அடர்காடா என்று ஊகிக்க முடியும்.

ஐந்தாம் கேள்விதான் கடினமானது: எப்போது? கரிமக் காலக்கணிப்பு சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. அதற்கு முந்தைய மண்ணுக்கு ஒளிர்வுக் காலக்கணிப்பு என்ற முறை உண்டு. புதைந்த மணல் துகள்கள் சுற்றியுள்ள மண்ணின் மெல்லிய கதிரியக்கத்தை ஆற்றலாகச் சேர்த்துவைக்கின்றன. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்து பூஜ்யமாகும். ஆய்வகத்தின் இருட்டில் அந்தச் சேமிப்பை அளந்தால், துகள் கடைசியாக வெயிலைக் கண்டு எவ்வளவு காலமாயிற்று என்று தெரியும். ஆகப் பல் மட்டும் பேசுவதில்லை. பல் கிடந்த அடுக்கும் சேர்ந்துதான் சான்றாகிறது. அடுக்கைக் குறிக்காமல் எடுத்த பல் அருங்காட்சியக அலங்காரத்துக்கு உதவும்; வரலாற்றுக்கு உதவாது.

அலமாரியில் இருக்கும் எலும்புக்கூடு

இந்தப் படிகளில் எது மிகவும் அற்பமாகத் தோன்றுகிறதோ அதுவே மொத்தக் கட்டடத்தையும் தாங்குகிறது: பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த எலும்புக்கூடு. புணேயின் டெக்கான் கல்லூரியில் பல பத்தாண்டுகளாக வளர்ந்துவந்த விலங்குத் தொல்லியல் ஆய்வகம் அத்தகைய ஒப்பீட்டுத் தொகுப்புக்குப் பெயர் பெற்றது. இறந்த விலங்கைப் புதைத்து வைத்தோ, நீரில் ஊறவைத்தோ, இறைச்சி தின்னும் வண்டுகளை விட்டோ சதை நீக்கி, ஒவ்வோர் எலும்பிலும் எண் எழுதி, இனம், பால், வயது, இறந்த இடம், நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைக்கும் வேலை அது. புகழும் கிடைக்காது, நாற்றமும் குறையாது. ஆய்வு மாணவர் பலருக்குத் தொடக்க ஆண்டுகள் இந்தப் பழக்கத்திலேயே போய்விடும். வெள்ளாட்டின் எலும்பையும் செம்மறியின் எலும்பையும் பிரித்தறியக் கண் பழகுவதற்கே அவ்வளவு காலம் ஆகும்.

பல்கலைக்கழகங்களில் இடநெருக்கடி வந்தால் முதலில் காலி செய்யப்படுவது இத்தகைய தொகுப்புகளின் அறைகள்தான். உடனடிப் பயன் என்ன என்று கேட்பவருக்குக் காட்ட எதுவும் இருக்காது. ஆனால் லைடெக்கரின் 1886 பட்டியலை இன்று திருத்த முடிகிறது என்றால் காரணம், அவர் காலத்தில் இல்லாத அளவுக்கு எலும்புகள் பல நிறுவனங்களின் அலமாரிகளில் சேர்ந்திருப்பதுதான். எந்த எலும்பு என்றைக்குத் தேவைப்படும் என்று சேர்த்து வைப்பவருக்குத் தெரிவதில்லை. தெரியாமலேயே ஒழுங்காகச் சேர்த்து வைப்பதற்கென்று ஒரு சமூகம் ஏற்படுத்திய இடம்தான் பல்கலைக்கழகம்.

இருபத்தொன்றில் இருபது

இப்போது 2014ஆம் ஆண்டின் முடிவுக்கு வரலாம். பில்லசுர்க்கத்தின் புதிய அகழாய்வில் அடையாளம் காணப்பட்ட பாலூட்டி வகைகள் 21. அவற்றில் 20 குறைந்தது ஒரு இலட்சம் ஆண்டுகளாக, சில இரண்டு இலட்சம் ஆண்டுகள் வரையிலும், இன்றுவரை இந்தியத் துணைக்கண்டத்தில் தொடர்ந்து இருக்கின்றன. இல்லாமல் போன ஒன்று, எத்தியோப்பிய மலைகளில் இன்று வாழும் கெலடாக் குரங்கின் உறவு.

இந்தக் கணக்கின் வியப்பு, அதே காலத்தில் பிற கண்டங்களில் நடந்ததோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றும் கடந்த ஐம்பதாயிரம் ஆண்டுகளில் தங்கள் பெரிய விலங்கு வகைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்தன. இங்கோ அப்படி நடக்கவில்லை. இத்தனைக்கும் இந்த ஒரு இலட்சம் ஆண்டுகள் அமைதியானவை அல்ல. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவில் தோபா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் பில்லசுர்க்கம் இருக்கும் அதே கர்நூல் வட்டாரத்தில், ஜ்வாலாபுரத்தில், இன்றும் அடுக்காகக் கிடக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உறைபனிக் காலத்தின் உச்சத்தில் பருவமழை தளர்ந்து காடுகள் சுருங்கின. வேட்டையாடும் மனிதரும் உடன் இருந்தார்கள். அத்தனையையும் தாண்டி இருபது வகைகள் நிலைத்தன.

எப்படி? அதே கட்டுரையில் விடை இருக்கிறது. குகை எலும்புகளின் காலத்துப் பரவலையும் இன்றைய பரவலையும் ஒப்பிட்டால், விலங்குகள் அழியவில்லை என்றாலும் இடம் மாறியிருக்கின்றன. ஓரிடத்தில் மறைந்த விலங்கு வேறிடத்தில் தொடர்ந்திருக்கிறது. இந்திய நிலம் ஒரே சீரான காடாக எப்போதும் இருந்ததில்லை. மலைச்சரிவு, ஆற்றோரம், புதர்க்காடு, புல்வெளி என்று துண்டுகளாகவே இருந்தது. ஏரி வற்றும்போது மீன்கள் மடுவில் ஒதுங்கி, மழை வந்து நீர் ஏறியதும் மீண்டும் பரவுவது போல, கெட்ட காலத்தில் விலங்குகள் ஒரு துண்டில் ஒதுங்கின; நல்ல காலத்தில் மற்றத் துண்டுகளுக்குத் திரும்பின. ஒரு காட்டில் இருநூறு ஆண்டு இல்லாமலிருந்து மறுபடி வருவது இந்த வாழ்க்கைமுறையில் விதிவிலக்கு அல்ல, அதுவே விதி. ஓசூர்க் காட்டிலிருந்து குப்பம் பக்கம் நகர்ந்த யானைக் கூட்டம் செய்ததும் அதுதான். ஒரு துண்டு தாங்கவில்லை. அடுத்த துண்டுக்குப் போனது.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு: முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குகையை வைத்து ராமகுப்பத்தைப் பற்றிப் பேசலாமா? பேதம்செர்லாவும் குப்பமும் ஒரே மாதிரியான வறண்ட தக்காணக் காட்டுப் பகுதியைச் சேர்ந்தவை. நல்லமலை, சேஷாசலம், பாலகொண்டா, கௌண்டின்யா என்று மலைகளும் காடுகளும் தெற்கு நோக்கி விட்டு விட்டுத் தொடர்கின்றன. இந்த விலங்கு இந்தக் கிராமத்தில் இருந்தது என்று குகையை வைத்துச் சொல்ல முடியாது. விலங்குகள் எந்த முறையில் பிழைத்தன என்று சொல்ல முடியும். நம் வாதத்துக்குத் தேவை அதுதான்.

இரண்டாம் மறுப்பு இதைவிடக் கூர்மையானது: நீங்கள் பேசுவது யானையைப் பற்றி, ஆனால் வாதம் முழுதும் மான், நீல்காய், குரங்கு எலும்புகளின் மீது நிற்கிறதே? உண்மைதான். குகைக்குள் எலும்பைக் கொண்டுவருபவை முள்ளம்பன்றி, கழுதைப்புலி, சிறுத்தை, ஆந்தை. ஆந்தை உமிழும் உருண்டைகளில் எலி, மூஞ்சூறு எலும்புகள் சேரும். சிறுத்தை மானைக் கொண்டுவரும். யானையை எதுவும் குகைக்குள் இழுத்துவர முடியாது. எலும்பு இல்லாமை விலங்கு இல்லாமைக்குச் சான்றாகாது என்று புதைவியல் கற்றுத்தந்த பாடம் இங்கே பொருந்துகிறது. யானைக்கு வேறு சான்று இருக்கிறது: நம் கண்முன் 1980களில் நடந்த இடமாற்றமே அது. குகை எலும்புகள் காட்டுவது, அந்த இடமாற்றம் பல விலங்குகளுக்கும் பொதுவான, நெடுங்காலப் பழக்கத்தோடு பொருந்துகிறது என்பதை.

மூன்றாம் மறுப்பு: இந்தியாவிலும் அழிந்துபோன பெரிய விலங்குகள் உண்டே? உண்டு. நேர்த்தந்தமுடைய பேரியானையான பேலியோலாக்சோடான், அதன் தூரத்து உறவான ஸ்டெகோடான், நீர்யானை, தீக்கோழி ஆகியவை இங்கே வாழ்ந்து மறைந்தவை. அத்வைத் ஜூகர் முதலியோர் இந்த இழப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, இழப்பு உண்மை என்றாலும் மற்றக் கண்டங்களை ஒப்பிட அது மிகவும் குறைவு என்றே கண்டார்கள். ஆப்பிரிக்காவைப் போல இங்கும் மனிதரும் விலங்குகளும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து ஒருவரையொருவர் அறிந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். இது நம் வாதத்தை உடைக்கவில்லை; எல்லையைக் காட்டுகிறது. இடம் மாறிப் பிழைப்பது பெரும்பாலானவற்றுக்கு உதவியது, எல்லாவற்றுக்கும் அல்ல. நீரைச் சார்ந்தே வாழ்ந்த நீர்யானைக்கு ஆறுகள் மெலிந்தபோது போக இடமில்லை.

நான்காவது மறுப்பு எலும்பைப் பற்றியது அல்ல, மனிதரைப் பற்றியது. ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தத் துண்டுகளுக்கு நடுவே வயல் இல்லை, கிராமம் இல்லை, மின்கம்பி இல்லை. இன்று இருக்கிறது. விலங்கின் பழக்கம் பழையது என்பதற்காக ஒரு சிறு விவசாயி தன் ஒரு ஏக்கர் வாழையை இழந்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அறிவியல் அப்படிச் சொல்லவும் இல்லை. யானை இந்த நிலத்துக்கு அந்நியமல்ல என்பது உண்மை. அதைத் தாங்கும் செலவு காட்டோரத்தில் இருக்கும் ஏழையின் தலையில் மட்டும் விழக்கூடாது என்பதும் உண்மை. முதலாவது உயிரியல், இரண்டாவது நீதி. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் இரண்டுக்கும் கேடு செய்கிறார்கள். விரைவான இழப்பீடும், அகழியும், சூரிய வேலியும், கும்கிகளும் நீதியின் பகுதி. அவை இல்லாத இடத்தில் யானையைப் பற்றி உயிரியல் பேசுவதை எவரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள், கேட்கவேண்டியதுமில்லை.

எதைக் காப்பது?

எலும்புகளின் சான்றை ஏற்றுக்கொண்டால் இரண்டு செயல்முடிவுகள் வருகின்றன. ஒன்று, காக்கவேண்டியது காட்டுத் துண்டுகளை மட்டுமல்ல, அவற்றுக்கு நடுவே உள்ள வழிகளை. சரணாலயத்தின் எல்லையைக் கோடு போட்டு, அதற்குள் இருப்பவை பத்திரம், வெளியே வருபவை குற்றவாளிகள் என்று நடத்துவது ஒரு இலட்சம் ஆண்டு அனுபவத்துக்கு நேர் எதிரானது. சிவிங்கிப்புலி நம் நாட்டில் அற்றுப்போனது என்று 1952இல் அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் வட இந்தியாவில் பரவலாக இருந்த சிங்கம் கிர் காட்டிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் மட்டும் ஒதுங்கி நிற்கிறது. எரிமலை செய்யாததைத் துப்பாக்கியும் வேலியும் சில தலைமுறைகளில் செய்தன. ஒதுங்க ஒரு துண்டு இருந்தால் போதாது. அங்கிருந்து திரும்பிப் பரவ வழி வேண்டும். ஓசூர் – குப்பம் – பலமநேர் வழியை இரு மாநில வனத்துறைகளும் ஒரே வழியாக எண்ணித் திட்டமிட வேண்டியதன் அடிப்படை இதுதான். யானைக்கு மாநில எல்லை கிடையாது. அதைக் காப்பவர்களுக்கும் அந்த விஷயத்தில் எல்லை இருக்கக்கூடாது.

இரண்டாவது, இன்று சாகும் விலங்குகளின் எலும்பு நாளைய சான்று. மின்வேலியில் சிக்கியோ கிணற்றில் விழுந்தோ நோயிலோ இங்கே யானை இறக்கும்போது, பிரேதப் பரிசோதனைக்குப் பின் அதைப் புதைத்துவிடுகிறார்கள். புளிப்பேறிய மண் அந்த எலும்பைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். அதைச் சேர்த்து வைக்க இடம் இல்லாமல் இல்லை. திருப்பதியில் 1954 முதல் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும், கால்நடை மருத்துவத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் இருக்கின்றன. குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யானை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதன் உடற்பகுதிகள் எதையும் 1972ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி அனுமதியின்றி எவரும் வைத்திருக்க முடியாது. ஆனால் அனுமதி பெற்று, தந்தத்தை அரசிடம் விட்டு, புதைத்த எலும்புகளைச் சில ஆண்டுகளுக்குப் பின் எடுத்து, வயது, பால், இடம் குறித்து வைக்கச் சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. யானை ஆயுளில் ஆறு முறை கடைவாய்ப்பல் மாற்றும் விலங்கு. பல்லைப் பார்த்தே இறந்த வயதை மதிப்பிடலாம். எனாமலைச் சோதித்து அது மரத்தழையை அதிகம் தின்றதா, புல்லும் கரும்பும் போன்றவற்றை அதிகம் தின்றதா என்று ஊகிக்கலாம். முப்பது நாற்பது யானைகளின் பல் சேர்ந்தால், யானைகளின் உணவு எந்த ஆண்டுகளில், எங்கே மாறியது என்று ஆதாரத்தோடு பேச முடியும். அகழி எங்கே வெட்டுவது, வழியை எங்கே திறந்துவிடுவது என்ற முடிவுகளுக்கு அதுவும் ஓர் அடிப்படையாகும்.

ஃபூட் சேர்த்து லைடெக்கர் ஆராய்ந்த எலும்புகள் இன்றைய கேள்விக்கு விடை தரும் என்று அவர்களுக்குத் தெரியாது. இன்று ராமகுப்பத்துக் காட்டில் சாகும் யானையின் எலும்பைச் சேர்த்து வைப்பவருக்கும் அது எந்தக் கேள்விக்கு உதவும் என்று தெரியாது. தெரியாமலிருப்பது சேர்க்காமலிருப்பதற்குக் காரணமாகாது. பக்கத்து ஊரில் பல்கலைக்கழகமும், பக்கத்துக் காட்டில் யானையும் இருக்கும் ஒரு வட்டாரம், இந்த வேலையைத் தொடங்க வேறு எவருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.